கழித்த பதினோரு மணி நேரம்

ஜனவரி 2, 2013

பேங்க்ல குடுத்த டைரி. முதல் பக்கத்துல பேர், வயசு, ரத்த வகை எல்லாம் கேக்கறாங்க. எழுதியாச்சு. சு. சுந்தராம்பாள், 61. மகளிர் கல்லூரி பௌதிக லேபில் முப்பத்தி நாலு வருஷம் உதவியாளரா இருந்து ஓய்வு. இப்ப திருப்பூர் அனுப்பர்பாளையம் ரோட்டுல, பழைய பனியன் குடோன்ல நடக்கற கணினி மறுசுழற்சி மையத்துல ஸ்டோர் பாக்கறேன். சம்பளம் கிடையாது. அதுக்காக என் பேச்சுக்கு மதிப்பில்லைன்னு ஆரும் நினைச்சுக்க வேண்டாம்.

இன்னிக்கு இருப்பு எடுத்தோம். ஓடற கம்ப்யூட்டர் 31. ஓட வெச்சிரலாம்னு மயில்சாமி நம்பறது 44. ரிப்பேர் பாக்கறது அவர்தான், நம்பிக்கை அவருக்கு எப்பவுமே ஜாஸ்தி. மீதியெல்லாம் கழட்டிப் பிரிச்சு, எடை போட்டு, மறுசுழற்சி ஃபேக்டரிக்கு அனுப்பற சாமான்.

ஜனவரி 9

மையத்தை நடத்தற டிரஸ்ட்டோட கூட்டம். "நாப்பது மணி நேர விதி நெம்பக் கறாரா இருக்குதுன்னு சொல்றாங்களே மேடம்" அப்படீன்னார் செயலாளர். அது நான் கொண்டாந்த விதி. முன்னெல்லாம் கேக்கறவங்களுக்குச் சும்மாவே கம்ப்யூட்டர் குடுத்துட்டிருந்தோம். ஒரு மாசத்துல அதே மெஷின் பழைய சாமான் கடையில நிக்கும். இப்ப யாருக்கு வேணும்னாலும் இங்க வந்து நாப்பது மணி நேரம் வேலை செய்யணும். முடிச்சா சொந்தமா ஒண்ணு எடுத்துக்கிட்டுப் போலாம். வேலையில சாமானை உடைச்சா, தப்புப் பண்ணினா, அதுக்குத் தக்கன மணி நேரத்துல கழிப்பேன். லேபில் பிள்ளைங்க குடுவையை உடைச்சா பிரேக்கேஜ் எழுதற மாதிரித்தான்.

ஆருக்கும் தனிச்சலுகை கிடையாதுன்னு கூட்டத்துலயே சொல்லிட்டு வந்தேன். செயலாளர் வடையைத் தின்னுக்கிட்டு சரீன்னார்.

ஜனவரி 27

கரண்டு பத்து தடவை போச்சு. வந்த ஹார்ட் டிஸ்க்ல பழைய ஆளுங்க விவரம் எதுவும் இல்லாம அழிக்கணும், ஒண்ணுக்கு மூணு மணி நேரம் ஆகும். ரெண்டே முக்கால்ல கரண்டு போனா மறுபடி மொதல்ல இருந்து. மயில்சாமி வாய்க்குள்ளயே ஏதோ வஞ்சார். நானும் வஞ்சேன், வாய்க்கு வெளிய.

பிப்ரவரி 3, ஞாயிறு

புதுசா ஒரு பொம்பளை. பேச்சியம்மாள், 39 வயசு, ஆண்டிபட்டிப் பக்கம். பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனியில செக்கிங் செக்‌ஷன். தைச்சு வர்ற பனியன்ல ஓட்டை, அழுக்கு, தையல் விட்டது எல்லாம் பாத்து ஸ்டிக்கர் ஒட்டற வேலை. புருசன் தவறிட்டார். மகள் ஊர்ல அண்ணன் வீட்ல இருந்து ஒன்பதாவது படிக்குது. அவ கம்பெனியில இருந்துதான் நமக்குப் பாதி கம்ப்யூட்டர் வருது. அந்த மேனேஜர் மாசம் ஒருக்கா வந்து போவார்.

"கம்ப்யூட்டர் எதுக்கு?"ன்னு கேட்டேன். எல்லாரையும் கேப்பேன்.

"டைப் அடிக்கப் பழகணும்க்கா. செப்டம்பர்ல கோயமுத்தூர்ல ஒரு பரீட்சை இருக்கு. பாஸானா ஒரு வருசம் ஹாஸ்டல்ல வச்சுச் சொல்லித் தந்து, ஆபீஸ் வேலைக்கு அனுப்புவாங்களாம். நாப்பது வயசுக்குள்ள சேரணும். எனக்கு இதான் கடைசி வருசம்."

"டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் போலாமே."

"வேல விட எட்டரை ஆயிருதுக்கா. அந்நேரம் எல்லாம் பூட்டிருவாங்க."

சரி, செக்கிங்ல நின்னு நின்னு கால் நோகுது போல, உக்காந்து பாக்கற வேலைக்கு ஆசைப்படறா. தப்பில்லை. ஞாயிறு மூணுல இருந்து அஞ்சு, வாரம் ரெண்டு மணி நேரம்னா ஜூன் கடைசியில முடியும், அப்பறம் ரெண்டு மாசம் வீட்லயே பழகலாம்னு நானே விரல் விட்டு எண்ணிச் சொன்னேன். "ஜூனு. சரிக்கா"ன்னா. அஞ்சு அடிச்சதும் செருப்பைத் தேடி மாட்டிக்கிட்டு, இருட்டறதுக்குள்ள போயிரணும்னு ஒரே ஓட்டம்.

பிப்ரவரி 17

பேச்சியம்மாளுக்குக் கை சுத்தம். மெஷினைப் பிரிக்கறதுல மயில்சாமியே அசந்துட்டார். ஒரு மணி நேரத்துல நாலு பெட்டி. ஸ்க்ரூவைத் தொட்டுப் பாத்தே இது ஹார்ட் டிஸ்க்குது, இது கேபினட்டுதுன்னு பிரிச்சுப் போடறா. ஆனா கண்ணை எங்கியோ வெச்சுக்கிட்டு செய்யறா. எனக்கு அது புடிக்கல. வேலைன்னா கண்ணும் கையும் ஒட்டுக்கா இருக்கணும்னு சொன்னேன். தலையாட்டினா.

மார்ச் 10

மெமரி அட்டையை எல்லாம் தட்டு மாத்திப் போட்டு வெச்சிருக்கா. அட்டை மேலேயே பொடி எழுத்துல போட்டிருக்குது, படிச்சாப் போதும். கண்ணாடி இருக்குதான்னு கேட்டேன். வீட்ல இருக்குதாம். வீட்ல இருந்து என்ன பண்ணறது?

ஒரு மணி நேரம் கழிச்சேன்.

மார்ச் 26

என் தங்கச்சி ஈரோட்ல இருந்து வந்து ரெண்டு நாள் இருந்தா. "இந்த வயசுல குப்பைக் கிடங்குல போய் உக்காந்துக்கிட்டு"ன்னு ஆரம்பிச்சா. பஸ் ஏத்தி விட்டதும்தான் நிம்மதி.

ஏப்ரல் 14

சித்திரை ஒண்ணாந்தேதியும் அதுவுமா பேச்சியம்மாள் ஒரு தட்டை மானிட்டரை மிதிச்சு உடைச்சுட்டா. நடக்கற வழியில சுவத்தோரம் சாத்தி வெச்சிருந்தோம். தூரத்துல வர்றப்பவே பளிச்சுன்னு தெரியற சாமான். நேரா நடந்து வந்து கால் வெச்சா. உடைஞ்ச சத்தம் கேட்டு அப்படியே நின்னுட்டா, கீழ கூடப் பாக்கல.

ரெண்டு மணி நேரம். மயில்சாமி, "வழியில வெச்சது நம்ம தப்புங்கக்கா" அப்படீங்கறார். இவருக்கு எல்லாமே நம்ம தப்பு.

மே 19

இன்னிக்குப் பட்டாசு. அமெரிக்காவுல இருந்து ஊர் திரும்பின ஒருத்தர் மூணு மெஷின் குடுத்திருந்தார். அந்த ஊர் கரண்டுக்கும் நம்ம ஊர் கரண்டுக்கும் அளவு வேற. அதுக்குன்னு பவர் சப்ளையோட முதுகுல சிவப்பா ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், அதைத் தள்ளி 230-ல வெச்சுட்டுத்தான் சொருகணும். இங்க முதல் நாள் வர்றவங்களுக்கே முதல் பாடம் அதுதான். பேச்சியம்மாள் பாக்காம சொருகிட்டா. டமார்னு ஒரு சத்தம், புகை, கருகல் நாத்தம். ஆருக்கும் ஒண்ணும் ஆகல.

"சிவப்பு ஸ்விட்ச் கண்ணுக்குத் தெரியலையா?"ன்னு கேட்டேன்.

"பாக்கலக்கா"ன்னா.

பாக்கலைன்னு எப்படி இத்தனை சாதாரணமாச் சொல்றான்னு எனக்குக் கோவம் வந்துருச்சு. அஞ்சு மணி நேரம். இவ்வளவு நான் ஆருக்கும் கழிச்சதில்லை. ஆனா தீ புடிச்சிருந்தா?

ஜூன் 9

பள்ளிக்கூடம் திறக்கற சமயம், தலைக்கு மேல வேலை. ஊத்துக்குளிப் பக்கம் ஒரு அரசுப் பள்ளிக்குப் பன்னிரண்டு மெஷின் அனுப்பினதுல மூணு மானிட்டர் செத்தது. நல்லதுக்குப் பச்சை, கழிவுக்குச் சிவப்பு, இதுதான் ஸ்டிக்கர். போன வாரம் ஒட்டினது பேச்சியம்மாள், கலர் மாத்தி ஒட்டியிருக்கா. ஹெட்மாஸ்டர் போன்ல, "பசங்க கை தட்டி முடிக்கறதுக்குள்ள அணைஞ்சுருச்சுங்க மேடம்" அப்படீன்னார். மானம் போச்சு.

ஸ்டிக்கர் ஒட்டறது அவ பொழப்பே. அங்க இப்படி ஒட்டினா விட்டுருவாங்களா? மூணு மணி நேரம்.

ஜூன் 16

அஞ்சு மணிக்கு மேல நின்னுக்கிட்டே இருந்தா. என்னன்னேன்.

"எத்தன மணி நேரம்க்கா ஆகியிருக்கு?"

நோட்டை எடுத்துப் பாத்தேன். வந்தது முப்பத்தாறு. கழிச்சது பதினொண்ணு. இருபத்தஞ்சு.

"அந்தப் பதினொண்ணத் திருப்பிப் போட்டீங்கன்னா இன்னும் நாலுதான்க்கா. பழக நாள் பத்தாதுக்கா எனக்கு."

"ஒருத்தருக்குப் பாத்தா எல்லாருக்கும் பாக்கணும் அம்மிணி. பதினஞ்சு மணி நேரம் என்ன, எட்டு வாரம்."

கெஞ்சல. சரிக்கான்னு சொல்லிட்டுக் கிளம்பினா. படியில ஒரு படியை விட்டுட்டுக் கால் வெச்சுத் தடுமாறினா. அவ போனதும் மயில்சாமி ஸ்க்ரூடிரைவரைக் கீழ வெச்சுட்டு, "குடுத்துரலாமுங்கக்கா" அப்படீன்னார். நீங்க ரிப்பேர் பாருங்க, நான் நோட்டுப் பாக்கறேன்னு சொன்னேன்.

ஜூலை 7

பேச்சியம்மாள் ரெண்டு வாரமா வரல, ஏத்துமதி அவசரம்னு ஞாயித்துக்கிழமையும் கம்பெனி ஓடுதாம். இன்னிக்கு வந்தா. டீ குடிக்கறப்ப பாத்தா, மூலையில கெடந்த செத்த கீபோர்டு ஒண்ணை எடுத்து மடியில வெச்சுக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டுத் தட்டிக்கிட்டிருக்கா. வாய் முணுமுணுக்குது. வயரைக்கூட நறுக்கிட்ட கீபோர்டு அது.

போகறப்ப கேட்டா. "அக்கா, இந்த கீபோர்டு ஒண்ணு வீட்டுக்குக் கொண்டு போகட்டுமா? வேல செய்யாததுதான். கம்ப்யூட்டர் கெடைக்கிற வரைக்கும்."

கழிவுன்னாலும் எடை போட்டு எழுதி வெச்சிருக்குது. எடை குறைஞ்சா ஃபேக்டரிக்காரன் கேப்பான். நாப்பது மணி நேரம் முடியாம ஒரு திருகாணி கூட வெளிய போகாதுங்கறது எனக்கே நான் போட்டுக்கிட்ட விதி. அதைச் சொன்னேன்.

"அது குப்பதானக்கா"ன்னா.

"குப்பைக்கும் கணக்கு இருக்குது."

மடியில இருந்ததை எடுத்துக் குவியல் மேல பதனமா வெச்சுட்டுப் போனா.

ஜூலை 9

ஃபேக்டரி லாரி வந்துது. கீபோர்டு மட்டும் 214, நூத்தி அம்பது கிலோ. எடை சரியா இருந்துது. சான்றிதழ் வாங்கி ஃபைல்ல வெச்சேன்.

ஆகஸ்ட் 4

பேச்சியம்மாளை செக்கிங்ல இருந்து எடுத்து மடிக்கற செக்‌ஷன்ல போட்டுட்டாங்களாம். ஏன்னு கேட்டேன். "வயசாகுதுல்லக்கா"ன்னு சிரிச்சா. என்னை விட இருபத்திரண்டு வயசு சின்னவ, வயசாகுதாம்.

ஆகஸ்ட் 25

முப்பத்தஞ்சு ஆச்சு. இன்னும் அஞ்சு. அடுத்த ஞாயிறும் அதுக்கடுத்த ஞாயிறும் மூணு மூணு மணி நேரம் வந்தா பரீட்சைக்கு முன்னாடியே முடிச்சிரலாம்னு சொன்னேன். அடுத்த ரெண்டு வாரமும் கம்பெனி இருக்குதாம், வர முடியாதாம். இப்பவே மெஷினைக் குடுத்து விடலாமான்னு ஒரு நிமிஷம் எனக்கே தோணுச்சு. முப்பத்தஞ்சுக்குக் குடுத்தா நாளைக்கு முப்பதுக்குக் கேப்பாங்க.

அவ வாசல்ல வந்து நின்ன மேனேஜர் கார் மேல மோதிக்கிட்டா. பகல் வெளிச்சத்துல. எங்க நினைப்போ.

செப்டம்பர் 11

பேச்சிக்கு இன்னிக்குப் பரீட்சை. காலையில விளக்கு வெக்கறப்ப நினைப்பு வந்துது. பிள்ளையார்கிட்ட அவளுக்குன்னு ஒரு வேண்டுதலும் சேத்திச் சொல்லி வெச்சேன்.

செப்டம்பர் 15

வந்தா. முகத்தைப் பாத்ததுமே தெரிஞ்சுது, இருந்தாலும் கேட்டேன்.

"இல்லக்கா. நிமிசத்துக்கு இருவது வார்த்தை கேக்குறாங்க. நான் பதிமூணு. எந்த எழுத்து எங்கிட்டு இருக்குன்னு தேடுறதுக்குள்ள நேரம் போயிருச்சு."

அடுத்த வருஷம்னு சொல்ல வாயைத் திறந்தேன். நாப்பது வயசு ஞாபகம் வந்து மூடிக்கிட்டேன். "சரி, வந்தது வந்தாச்சு, வேலையைப் பாக்கலாம்"னு சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு தெரியல. ரெண்டு மணி நேரமும் வேலை செஞ்சா.

செப்டம்பர் 22

இன்னிக்கு ஒரு மணி நேரம் சேத்தி மூணு மணி நேரம் செஞ்சா, நாப்பது முடிஞ்சுது. மயில்சாமி அவளுக்குன்னே ஒரு மெஷினைத் தனியா எடுத்து வெச்சிருந்தார். நான் ஒப்படைப்புப் படிவத்தை எடுத்து எழுத உக்காந்தேன். அடையாள அட்டை நகல் கேட்டேன்.

பையில இருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினா. "இனி மறைச்சு என்னக்கா ஆகப்போகுது. கம்பெனியிலயும் நிறுத்திட்டாங்க."

மாற்றுத்திறனாளி அட்டை. கண். பார்வை இழப்பு எழுபத்தஞ்சு சதவீதம். டாக்டர் கையெழுத்து. தேதி ஜனவரி 18, 2013.

கையெழுத்துப் போடற இடத்தைக் காட்டச் சொன்னா. விரலைப் புடிச்சு வெச்சேன். பேரைக் கோட்டுக்கு மேல போட்டா.

செப்டம்பர் 23

மணி நேர நோட்டை எடுத்து வெச்சுப் பாத்தேன். மார்ச் 10. ஏப்ரல் 14. மே 19. ஜூன் 9. பொடி எழுத்து. பக்கத்துல சாத்தி வெச்ச மானிட்டர். சிவப்பு ஸ்விட்ச். பச்சை, சிவப்பு. நாலுக்கு நேராவும் என் கையெழுத்துல, "கவனக்குறைவு."

நேத்து அவ சொன்னதை எழுதி வெக்கறேன், இல்லைன்னா மறந்துட்ட மாதிரி நடிப்பேன். கண்ணு நரம்பு ஓரத்துல இருந்து வாடிக்கிட்டே உள்ள வருதாம். போன டிசம்பர்லயே டாக்டர் சொல்லிட்டாராம், ஒரு வருஷம், மிஞ்சிப் போனா ஒண்ணரை. கோயமுத்தூர்ப் பரீட்சை பார்வை இல்லாதவங்களுக்கான சங்கம் நடத்தறது. சேந்துட்டா எழுத்தைப் படிச்சுக் காட்டற கம்ப்யூட்டர்ல வேலை சொல்லிக் குடுப்பாங்க. ஆனா எந்த எழுத்து எங்க இருக்குதுன்னு வர்றப்பவே தெரிஞ்சிருக்கணும். மீதி வெளிச்சம் இருக்கறப்பவே பாத்து விரலுக்குப் பழக்கிரணும்னு ஓடி வந்திருக்கா.

செப்டம்பர் 24

சோறு இறங்கல.

செப்டம்பர் 26

மயில்சாமிகிட்டச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படல.

"உங்களுக்குத் தெரியுமா?"

"மே மாசமே சந்தேகமுங்கக்கா. அந்த ஸ்விட்ச் வெடிச்சப்ப."

"எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க? கண்ணு சரியில்லாதவங்க ஸ்க்ரூடிரைவர் தொடக் கூடாதுன்னு இன்னொரு விதி போட்டிருப்பீங்க. அந்தப் புள்ளைக்கு இருந்த இருபத்தஞ்சு மணி நேரமும் போயிருக்கும்."

அப்படிப் பண்ணியிருக்க மாட்டேன்னு சொல்ல வந்தேன். பண்ணியிருப்பேன்.

அக்டோபர் 3

கோயமுத்தூர் போனேன், பேச்சிகிட்டச் சொல்லாம. சங்கத்துல சேர்க்கை பாக்கறவருக்கும் பார்வை இல்லை. அம்பது வயசிருக்கும், வெள்ளைச் சட்டை, என் குரல் வந்த பக்கம் திரும்பி உக்காந்து பொறுமையாக் கேட்டார். எல்லாத்தையும் சொல்லிட்டேன், பதினோரு மணி நேரம் உட்பட. தப்பு என்னுது, அந்தப் பொண்ணுக்கு இன்னொரு தடவை பரீட்சை வையுங்கன்னு கேட்டேன். கெஞ்சினேன்னே எழுதலாம்.

"மொத்தமே இருபத்தி நாலு இடமுங்க மேடம். நிரம்பிருச்சு. வெளிய காத்திருக்கறவங்க அறுபது பேர், ஒவ்வொருத்தருக்கும் ஒரு காரணம் இருக்குது. அத்தனையும் நெசமான காரணம். அடுத்த வருஷம்னா வயசு தாண்டிருது. நான் ஒருத்தருக்கு மாத்தினா மீதிப் பேருக்கு என்ன பதில் சொல்றது?"

டீ வரவழைச்சார். குடிக்கறப்ப சாதாரணமாக் கேட்டார்.

"அந்தம்மா எதுல பழகுச்சு?"

"எதுலயும் இல்லீங்க. கம்பெனி டீ டைம்ல ஒரு அட்டையில எழுத்தெல்லாம் வரைஞ்சு வெச்சுப் பாத்திருக்குதாம்."

"அட்டையிலயா? அப்ப பதிமூணு அடிச்சது பெரிய காரியமுங்க. ஒரு ஓட்டைக் கீபோர்டு இருந்திருந்தா இருபது சுளுவா வந்திருக்கும். நாங்கெல்லாம் அப்படித்தான் பழகினோம். கனெக்‌ஷன் கூட வேண்டாம், மடியில வெச்சுத் தட்டினாப் போதும். பழைய சாமான் கடையில சும்மாவே குடுப்பான்."

அவருக்கு என் முகம் தெரியாதது நல்லதாப் போச்சு. பஸ்ல திருப்பூர் வர்ற வரைக்கும் முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு வந்தேன். பக்கத்துல இருந்த அம்மா எங்க எழவுன்னு கேட்டாங்க.

அக்டோபர் 6

பேச்சியோட ரூமுக்குப் போனேன். லைன் வீடு, பத்துக்குப் பத்து, ரெண்டு பொண்ணுங்களோட சேந்து இருக்கா. மயில்சாமி கொண்டு வந்து இறக்கின கம்ப்யூட்டர் மூட்டை பிரிக்காம மூலையில கெடந்துது. இன்னொருத்தி கரண்டு செலவு ஆகும்னு சொன்னாளாம்.

நான் சுத்தி வளைக்கல. நான் பண்ணினது தப்பு, உன் பொழப்பைக் கெடுத்துட்டேன், மன்னிச்சிருன்னு சொன்னேன். இந்த வார்த்தையை நான் என் ஆயுசுல ஆருகிட்டயும் சொன்னதில்லை.

துணி மடிச்சுக்கிட்டிருந்தா. மூலைக்கு மூலை விரல்ல புடிச்சுப் பாத்து மடிச்சா.

"கண்ணு விசயத்த நான் சொல்லல. அது என் தப்புக்கா. எங்க மேனேஜரு வந்து போற எடம், சொன்னா கம்பெனிக்குப் போயிரும்னு பயந்தேன். பாவம்னு குடுத்துருவீங்களோன்னும் இருந்துச்சு. ஸ்விட்ச்சு வெடிச்சதுக்கு நீங்க கழிச்சதுல எனக்கு வருத்தமே இல்ல. யாருக்காச்சும் கையிகிய்யி போயிருந்தா?"

துணியைக் கீழ வெச்சா.

"ஆனா அந்த கீபோர்டு. அதுக்கு நான் கண்ணச் சொல்லியிருக்கணுமாக்கா? கண்ணு நல்லா இருக்கவ கேட்டிருந்தாலும் குடுத்திருக்கலாம்ல. குப்பதான."

ஆமான்னேன்.

"ரெண்டு நாள் கழிச்சு வேற யாருமில்லாதப்ப திருடிட்டுப் போயிருவோம்னு கூட நெனச்சேன்க்கா. அடுத்த வாரம் வந்து தடவிப் பாத்தேன், குவியலே இல்ல."

அக்டோபர் 13

ஆயுத பூஜை. குடோனைக் கழுவி, எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வெச்சோம். மயில்சாமி ஸ்க்ரூடிரைவருக்கெல்லாம் வெச்சார். மணி நேர நோட்டையும் பூஜையில வெப்பேன் எப்பவும். இந்தத் தடவை எடுத்து பீரோவுல வெச்சுட்டேன். அவர் பாத்தார்.

அக்டோபர் 20

பொடி எழுத்துப் படிக்கற வேலை, கலர் பாக்கற வேலை ரெண்டுக்கும் இனிமே ரெண்டு பேர் பாக்கணும்னு எழுதி ஒட்டினேன். தப்புக்கு மணி நேரம் கழிக்கறதை நிறுத்தியாச்சு. செத்த கீபோர்டு பத்து தனியா எடுத்து ஒரு பெட்டியில போட்டு, வேணுங்கறவங்க எடுத்துக்கலாம்னு வாசல்ல வெச்சேன். பொழுதோட பாத்தேன், பத்தும் அப்படியே இருந்துது.

அக்டோபர் 27

தீபாவளிக் கூட்டத்துக்கு முன்னாடி ஊருக்குப் போயிரணும்னு பேச்சி கிளம்பினா. இனி அங்கதான். அண்ணன் வீட்ல சோத்துக்குப் பஞ்சமில்லைங்கறா. அண்ணி எப்படின்னு நான் கேக்கல, அவ சொல்லல. கம்ப்யூட்டரை நேத்தே லாரி ஆபீஸ்ல போட்டாச்சு. "இப்ப எதுக்குக்கா அது"ன்னா. மயில்சாமிதான், மக படிக்கும், படிச்சுக் காட்டற மென்பொருளும் ஏத்தியிருக்குதுன்னு சொல்லி சம்மதிக்க வெச்சார்.

பஸ் ஸ்டாண்டுல ஒரே சனம். என் முழங்கையைப் புடிச்சுக்கிட்டு நடந்தா. இப்ப நேரா நிக்கற ஆளோட உருவம் மட்டும் நிழலாட்டம் தெரியுதாம். ஜன்னலோரம் இடம் புடிச்சு உக்கார வெச்சேன். முறுக்குப் பொட்டலம் வாங்கிக் குடுத்தேன். பஸ் எடுக்க நேரம் இருந்துது. கீழ நின்னுக்கிட்டு ஜன்னல் கம்பியைப் புடிச்சிருந்தேன்.

"அக்கா, கழிக்காம எண்ணினா நான் மொத்தம் எத்தன மணி நேரம் செஞ்சிருப்பேன்?"

"அம்பத்தொண்ணு."

"நெசமா?"

"நெசமாத்தான்."

"அப்ப பதினோரு மணி நேரம் நீங்கதான் எனக்குத் தரணும்"னு சொல்லிச் சிரிச்சா. வெளையாட்டுக்குச் சொன்னதுதான். பஸ் நகர்ந்துருச்சு. நான் தர்றேன்னு சொன்னேன், இரைச்சல்ல கேட்டுதோ இல்லையோ.

நவம்பர் 5

மையத்துக்குப் போகல.

நவம்பர் 24

மூணு வாரமா எழுத ஒண்ணுமில்லை. வேலை நடக்குது. ஒரு காலேஜ்ல இருந்து அறுபது மெஷின் வந்துது. அதுல ஒரு கீபோர்டை எடுத்து வீட்டுக்குக் கொண்டாந்து, கண்ணை மூடிக்கிட்டு என் பேரைத் தட்டிப் பாத்தேன். மயில்சாமி சொல்லித்தான் தெரியும், எஃப், ஜே ரெண்டு எழுத்து மேலயும் சின்னதா ஒரு மேடு இருக்குது. அதுல ரெண்டு ஆள்காட்டி விரலையும் வெச்சுட்டா மத்த எழுத்தெல்லாம் அங்கிருந்து எண்ணிக்கிட்டுப் போலாம். இத்தனை வருஷமா எத்தனை ஆயிரம் கீபோர்டு என் கையில எடை போட்டுப் போயிருக்கும், இது எனக்குத் தெரியாது.

டிசம்பர் 11

ஆண்டறிக்கை எழுதணும். குடுத்த கம்ப்யூட்டர் 187. பள்ளிகள் 9. பாதுகாப்பா அகற்றின கழிவு நாலரை டன். "பயனாளிகள் அனுபவம்"னு ஒரு பக்கம் விட்டிருக்கறாங்க, சந்தோஷமான கதை ஒண்ணு எழுதச் சொல்லி செயலாளர் கேட்டார். பேச்சியோட கதையை எழுதிக் குடுத்தேன், நான் பண்ணினதையும் விடாம. படிச்சுப் பாத்துட்டு, "இது வேண்டாமுங்க மேடம், நன்கொடை குடுக்கறவங்க படிப்பாங்க" அப்படீன்னார். ஊத்துக்குளி ஹெட்மாஸ்டரோட நன்றிக் கடிதத்தைப் போட்டுக்கிட்டாங்க.

டிசம்பர் 29, ஞாயிறு

காலையில ஆறு மணி பஸ். தாராபுரம், ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு, மாறி மாறி ஆண்டிபட்டி போய்ச் சேர மணி ஒண்ணு. பேச்சியோட அண்ணன் பஸ் ஸ்டாப்புக்கே வந்திருந்தார். மகள் பள்ளிக்கூடச் சுற்றுலா போயிருந்துது.

பின்கட்டு ரூம்ல கயித்துக் கட்டில்ல உக்காந்திருந்தா. மெலிஞ்சிருக்கா. நான் வாசல்ல நின்னதும் குரல் வர்றதுக்குள்ளயே, "அக்கா"ன்னா. எப்படித் தெரிஞ்சுதுன்னு கேட்டேன். செருப்புச் சத்தமாம். இப்ப வெளிச்சம், இருட்டு, அவ்வளவுதான் தெரியுதாம்.

கம்ப்யூட்டர் மேசை மேல இருந்துது, பழைய சேலையைப் போத்தி வெச்சிருந்தாங்க. நான் சேலையை எடுத்தேன்.

"பதினோரு மணி நேரம் தரணும்னியே. வந்துட்டேன். எழுத்து எழுத்தாச் சொல்லித் தர்றேன், நானும் பழகிட்டுத்தான் வந்திருக்கேன்."

"இன்னைக்கு வேண்டாம்க்கா."

"வேற என்ன பண்ணலாம்?"

"சும்மா உக்காருங்க."

கட்டில்ல பக்கத்துல உக்காந்தேன். அண்ணி காப்பி கொண்டாந்து வெச்சுட்டுப் போனாங்க, எங்க வெச்சோம்னு சொல்லாம. நான் எடுத்து அவ கையில குடுத்தேன். பாதி குடிச்சா. தம்ளரைக் கீழ வெக்க இடம் தேடிக்கிட்டே இருந்தவ, அப்படியே அழுக ஆரம்பிச்சா. பரீட்சையில தோத்தப்ப அழுகல. கம்பெனியில நிறுத்தினப்ப அழுகல. பஸ்ல ஏறினப்ப சிரிச்சவ. இன்னிக்குச் சத்தம் போட்டு, ஒடம்பு குலுங்கி அழுதா. அண்ணன் கதவு வரைக்கும் வந்து பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டார். நான் அவ கையப் புடிச்சுக்கிட்டு, அழு அம்மிணி, அழுன்னு மட்டும் சொல்லிக்கிட்டிருந்தேன். எனக்கும் வந்துது. நான் துடைக்கல, பாக்கறதுக்கு ஆரும் இல்லை.

முடிஞ்சப்ப மூணரை மணி. மூக்கைச் சிந்தி, முந்தானையில முகத்தைத் துடைச்சுக்கிட்டா.

"ஒரு மணி நேரம் வீணாப் போச்சேக்கா. அதக் கழிச்சுருங்க."

கழிக்கல. நோட்டைக் கொண்டு போயிருந்தேன், அங்கியே எழுதினேன்: டிசம்பர் 29, பேச்சியம்மாளுக்கு நான் குடுத்தது ஒரு மணி நேரம், பாக்கி பத்து. எழுதினதைப் படிச்சுக் காட்டச் சொன்னா. படிச்சேன்.

பொங்கல் கழிச்சு மறுபடி போகணும்.